காற்று நின்ற சாயங்காலம்

சாமி, நீ நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு வருவதற்காகச் சேலம் போயிருக்கிறாய். அஸ்தம்பட்டியில் யாரோ ஒருவன் உனக்குப் பிரியாணி வாங்கித் தருகிறானாம். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். உன் பெட்டியைக் கட்டிவிட்டேன். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, எள்ளுருண்டை எல்லாம் துணிகளுக்கு நடுவில் இருக்கின்றன, திறக்கும்போது பார்த்துத் திற. இனி எனக்கு இன்றைக்கு வேலை இல்லை. ஓய்வு பெற்றதிலிருந்து மதியப் பொழுது ரொம்ப நீளமாகிவிட்டது. நேரில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்து போய்விடுவாய் என்பதால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை நீ சென்னையில் மின்சுமைப் பகிர்வு மையத்தில் வேலைக்குச் சேரப் போகிறாய். மாநிலம் முழுவதற்கும் எங்கிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறது, எங்கே எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து, வரவையும் செலவையும் நொடிக்கு நொடி சமமாக வைத்திருக்கிற இடம். அதிலும் உனக்குக் கொடுத்திருப்பது காற்றையும் வெயிலையும் பற்றிய வேலை. நாளைக்குக் காற்று எப்படி அடிக்கும், மேகம் எந்தப் பக்கம் மறைக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அது குறைகிறபோது எதைக்கொண்டு ஈடுகட்டுவது என்று சொல்ல வேண்டுமாம். இதை அப்பாவுக்கு விளக்க நீ பட்ட பாடு எனக்குச் சிரிப்பாக இருந்தது. தறிச் சத்தத்திலேயே காலம் கழித்ததில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது; நீ கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்கம்மா பண்ணுன வேலைதான். அவளுக்கு மேல இருந்து ஒருத்தரு சொல்லுவாரு. இனி நீ சொல்லுவே, அவ்வளவுதானே?" என்றார். நீ என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். ஆனால் அவர் சொன்னது சரிதான். அதனால்தான் இந்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் துணை மின்நிலையம் உனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே, திருச்செங்கோட்டு மலை தெரிகிற மேட்டில், ஜல்லி கொட்டிய முற்றமும் ஒரே ஒரு கட்டுப்பாட்டு அறையுமாக இருக்கும். அங்கே ஆபரேட்டராக என் காலத்தில் பெரும்பகுதி போயிற்று. பெரிய மின்கம்பிகள் வழியாக வருகிற மின்சாரத்தை வாங்கி, மூன்று வழிகளில் பிரித்து அனுப்புவோம். ஒன்று ஆஸ்பத்திரியும் குடிநீர் மோட்டாரும் இருக்கிற டவுனுக்கு, இன்னொன்று தோட்டத்துக் கிணறுகளுக்கு, மூன்றாவது நம் ஊர்த் தறிப்பட்டறைகளுக்கு. இந்த ஒவ்வொரு வழியையும் ஃபீடர் என்போம். தறி ஃபீடரின் கடைசியில் உன் அப்பாவின் பட்டறை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, தறி ஓடினால் தூங்குவாய், நின்றால் விழித்துக்கொண்டு அழுவாய். மற்ற வீடுகளில் சத்தம் போடாதீர்கள், குழந்தை தூங்குகிறது என்பார்கள். நம் வீட்டில் கரண்ட் போனால்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டியிருந்தது.

நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் அந்த மின்வெட்டு வருஷங்கள் வந்தன. உனக்கு அது விசிறி மட்டையும் மெழுகுவர்த்தியுமாக நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது ஊர்க்காரர்கள் மரத்தைப் பார்த்த விதம். தெற்கே, மலைக் கணவாய்களில் நட்டிருந்த காற்றாலைகள் ஆடி மாதக் காற்றில் முழு வேகத்தில் சுற்றும். அப்போது நமக்கும் தாராளமாக மின்சாரம் கிடைக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் புளியமரம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "காத்து எடுத்துருச்சு, இன்னிக்கு தறி ஓடுமப்பா" என்று எழுந்து போவார்கள். சினிமாவுக்குப் போகிற திட்டம், விருந்துக்குப் போகிற திட்டம் எல்லாம் காற்று இல்லாத நாளைப் பார்த்துப் போடுவார்கள். புரட்டாசியில் காற்று ஓய்ந்தால் பட்டறைகளும் ஓயும். அந்த நாட்களில் ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துப் பிழைத்தது. கஷ்டமான வருஷங்கள்தான். ஆனாலும் ஆடிக் காற்றில் வேட்டி படபடக்க அப்பா பட்டறைக்கு ஓடுவதை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது.

அப்படி ஒரு வருஷம், ஒரு நாள் தறிக்காரர் சங்கத்துத் தலைவர் அர்த்தநாரி அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டே அப்பாவிடம் சொன்னது நன்றாகக் கேட்டது. "ஏனுங்க, ஊட்டுக்காரம்மா கையிலதானுங்க சுச்சு இருக்குது. நம்ம ஃபீடரைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லக் கூடாதுங்களா? மேல இருந்து குறைக்கச் சொன்னா டவுன்ல ஒரு மணி நேரம் நிறுத்தட்டும். அவிங்களுக்கு வெசிறிதானே போகும், நமக்குப் பொழப்பே போகுது." அப்பா அன்று சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல் கேட்டார். "ஏம்புள்ள, ஒண்ணும் பண்ண முடியாதா?" டவுன் ஃபீடரில் பிரசவ வார்டு இருக்கிறது என்றேன். "அவிங்களுக்கு ஜெனரேட்டர் இருக்குதில்ல?" என்றார். இருக்கிறது, ஆனால் அது ஓடும் என்று நம்பி என்னால் கை வைக்க முடியாது, முறை வைத்து நிறுத்துகிறோம், அந்த முறையை நம் வீட்டுக்காக மாற்ற மாட்டேன் என்றேன். அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோனது. எதையும் உன் வழியாகத்தான் சொல்வார். உனக்குத் தலை சீவிக்கொண்டே, எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக உரக்கப் பேசுவார்.

நான் சொல்ல வந்த அந்த நாள் காலையிலும் அப்படித்தான். "நாளைக்குக் காத்தால கல்யாண ஊட்டுக்காரங்க துண்டு வாங்க வாராங்க சாமி. ஒறம்பரை சனத்துக்கெல்லாம் குடுக்கற துண்டு. இன்னிக்கு மட்டும் கரண்டு நின்னுச்சு, எம் பேரு கெட்டுப் போகும்" என்றார். நீ கண்ணாடியைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டு நின்றாய். ஆவணி மாதம். எனக்கு மதிய ஷிஃப்ட். மதியமே தறி ஃபீடரின் முறை வந்து, நிறுத்தி, திரும்பக் கொடுத்தாயிற்று. இனி அன்றைக்கு அதைத் தொட வேண்டியிருக்காது என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

பொழுது இறங்கி, வீடுகளில் விளக்குப் போடுகிற நேரம். சுவரில் ஒரு மீட்டர் இருக்கும், நீயும் இனி தினமும் பார்க்கப் போகிற அதே எண்ணைக் காட்டுவது. நாடு முழுக்க மின்சாரத்தின் துடிப்பு நொடிக்கு ஐம்பதை ஒட்டி நிற்க வேண்டும். செலவு கூடி வரவு குறைந்தால் அது இறங்கும். ரொம்ப இறங்கினால் பெரிய மின்நிலையங்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாக நின்றுவிடும். அப்புறம் எல்லா ஊரும் இருட்டுதான். அன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் இறங்கியது. உடனே போன் வந்தது. மேலிருந்து கூப்பிடுகிறவர்கள் பலர். பெரும்பாலானவர்கள் "லோடு குறைங்க" என்று ஒரே சொல்லில் வைத்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் காரணத்தையும் சொல்லுவார். அவரை நான் கடைசிவரை நேரில் பார்த்ததில்லை. அன்று கூப்பிட்டது அவர்தான்.

"அம்மா, ஒடனே குறைக்கணுங்க. தெக்க காத்து படுத்துருச்சு."

"எங்க முறையை மத்தியானமே குடுத்துட்டமுங்களே."

"தெரியுமுங்க. வேற வழி இல்லீங்க. மலை மேல அணைக்கட்டுத் தண்ணி மிஷினையெல்லாம் ஓட்டச் சொல்லியாச்சு. அதுல கரண்டு ஏறற வரைக்கும் தாங்கோணும். முக்கா மணி நேரம் பொறுத்துக்கங்கம்மா. முன்னாடியே ஏறுச்சுன்னா நானே கூப்புடறேன்."

தோட்டத்து ஃபீடரில் அந்த நேரம் மோட்டார் ஓடாது, நிறுத்தினாலும் குறைய ஒன்றும் இல்லை. டவுன் ஃபீடரில் ஆஸ்பத்திரி. மிச்சம் இருப்பது தறி. காலையில் உன் அப்பா சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. சுவிட்சைத் திருப்பினேன். முற்றத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரேக்கர் 'டம்' என்று அடித்தது. அவ்வளவு தொலைவிலிருந்து மழை பெய்வதுபோல விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஊரின் சத்தம் ஒரே நொடியில் அறுந்துபோனது. எத்தனையோ தடவை அதைச் செய்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் அர்த்தநாரி அண்ணன். ஒரே நாளில் இரண்டு தடவை நிறுத்தியதில் எல்லோருக்கும் கோபம் தலைக்கேறியிருந்தது. யாரோ எறிந்த கல் ஜன்னல் கண்ணாடியில் பட்டு, சில்லுகள் மேசைமேல் விழுந்தன. நான் கேட்டுக்குப் போய் நின்றேன். தெற்கே காற்று நின்றுவிட்டது, அதனால்தான் என்றேன். அர்த்தநாரி அண்ணன் வேலியோரத்து வேப்பமரத்தைக் காட்டினார். அது நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது.

"எந்தக் காத்தும்மா நின்னுச்சு? கண்ணு தெரியலீங்களா? அப்படியே எங்கியோ நின்னாலும், எங்கியோ நிக்கற காத்துக்கு எங்க தறி ஏனுங்க நிக்கோணும்?"

இந்தக் கேள்விக்கு நீ கல்லூரியில் படித்த பதில் வைத்திருப்பாய். எல்லாக் கம்பியும் ஒன்றோடொன்று சேர்ந்தது, ஓர் இடத்துக் குறையை எல்லா இடமும் பகிர்ந்துகொண்டால்தான் எல்லோருமே பிழைக்க முடியும் என்று. எனக்கும் தெரியும். ஆனால் கல் பட்ட ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "ஊட்டுக்காரரு தறி மட்டும் ஓடுதாக்கும்!" என்றது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்போதுதான் கூட்டத்தின் கடைசியில் உன் அப்பா நிற்பதைப் பார்த்தேன். தோளில் நூல் தூசி, கையில் தறிக்குப் போடுகிற எண்ணெய்க் கறை. அவரும் கேட்கத்தான் வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, ஊர்க்காரர்கள் என்னை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், எத்தன நேரமுங்க ஆகும்?"

எங்களுக்குள் அத்தனை நாள் கழித்து வந்த முதல் பேச்சு அது. "முக்கா மணி நேரமுங்க" என்றேன்.

"அதுக்குள்ள வந்துருமுங்களா?"

"வந்துருமுங்க. சொன்னவரு பொய் சொல்றவரு இல்லீங்க."

என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "என்ற பட்டறையும் நின்னுதான் கெடக்குது. சந்தேகம் இருக்கறவங்க வந்து பாருங்க. நாளைக்குக் குடுக்க வேண்டிய துண்டு பாதியில நிக்குது. எங்க ஊட்ட மட்டும் உட்டுப்போட்டு உங்க தறிய நிறுத்தியிருந்தா மொதக் கல்ல நானே எறிஞ்சிருப்பேன். அந்தம்மா அப்படிப் பண்ணுலீங்க. வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்." அர்த்தநாரி அண்ணனின் தோளில் கையைப் போட்டு அவர்தான் முதலில் நடந்தார். ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே போன் வந்தது. "மலையில ஏறிருச்சுங்கம்மா, குடுத்துருங்க" என்றார் அவர். சுவிட்சைத் திருப்பினேன். முதலில் ஒரு தறி, பிறகு இரண்டு, பிறகு ஊரே ஓடத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையில் யாரும் இல்லாததால் நன்றாக அழுதேன்.

துண்டு முழுதாக முடியவில்லை. கல்யாண வீட்டில் சில உறவினர்களுக்குத் துண்டு இல்லாமல் போய், அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது. ஆனால் மறுநாள் மதியம் உன் அப்பா அடுப்படிக்கு வந்து மணையைப் போட்டு உட்கார்ந்து, "மேடம், சோறு போடுங்க" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. இன்றுவரை நான் கோபமாக இருந்தால் அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். எதற்கு என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். இதற்குத்தான்.

பிறகு காலம் மாறியது. சங்ககிரிப் பக்கம் எதுவும் விளையாத மேட்டு நிலங்களில் சோலார் பேனல்கள் வரிசை வரிசையாக வந்தன. ஒரு நிலையத்தின் மின்சாரம் நேராக நம் துணை மின்நிலையத்துக்கே வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, ஓர் ஆடிப்பெருக்கு நாள். தறிகளுக்கெல்லாம் லீவு. பாதி ஊர் காவேரிக்குக் குளிக்கப் போயிருந்தது. வெயிலும் கொளுத்துகிறது, காற்றும் பேயாக அடிக்கிறது. மதியம் போன் வந்தது. "குறைக்கச் சொல்லுங்கம்மா" என்றது ஓர் இளங்குரல். பழக்கத்தில், எந்த ஃபீடர் என்று கேட்டேன். "ஃபீடர் இல்லீங்க மேடம், சோலாரைக் குறைக்கச் சொல்லுங்க. வாங்கறதுக்கு ஆள் இல்ல" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மின்சாரத்துக்காகக் கல்லடி பட்ட அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சோலார் நிலையத்தைக் கூப்பிட்டு மின்சாரம் வேண்டாம் என்று சொன்னேன். அதே நாள் பொழுது விழுந்ததும் வழக்கம்போல மின்சாரம் பத்தாமல் இழுபறி.

வீட்டுக்கு வந்து அப்பாவின் காதருகே கத்திச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்தார். "மத்தியானம் மீதியாகுது, பொழுது உழுந்தாப் பத்தறதில்ல. அப்பறம் நாம எதுக்கு ராத்திரியில தறி ஓட்டறோம்?" மறுநாள் பட்டறையில் போய், இனிப் பகலில் மட்டும் ஓட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். சரசு அக்கா உனக்குத் தெரியும். மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் வரும் வரைக்கும் தறிக்கு அடியிலேயே துணியை விரித்துப் படுத்திருந்தவள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லிப்போடுவீங்கண்ணா. உச்சி வெயில்ல இந்தத் தகரத்துக்கு அடியில நின்னு பாருங்க. தறிக்குச் சூடு தெரியாது, எனக்குத் தெரியும்" என்றாளாம். அப்பா நின்று பார்த்தார். ஒரு மதியம் முழுக்க அவளுடைய தறியை அவரே ஓட்டிவிட்டு, வேட்டி வரைக்கும் நனைந்து வீட்டுக்கு வந்து தண்ணீர்ப் பானையோடு உட்கார்ந்தார். "அவ சொல்றது நெசந்தான்" என்றார். அதற்குப் பிறகுதான் கூரைமேல் பேனல் போட்டார். தகரத்தை ஒட்டாமல், நடுவில் காற்றுப் போக இடம் விட்டு உயர்த்திப் போட்டதில் கீழே வெக்கை குறைந்தது. பக்கத்துச் சுவரில் ஜன்னலும் வைத்தார். பிறகு சரசு அக்காவே ஒரு நாள் என்னிடம் வந்து, "அண்ணி, கல்யாணம் ஆனதுல இருந்து இப்பத்தான் ராத்திரியில ராத்திரி மாதிரி தூங்கறேன்" என்றாள்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. ராத்திரி ஷிஃப்டையே நம்பியிருந்த இரண்டு பேர் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். ஐப்பசியில் நாள் முழுக்க மேகம் மூடாக்குப் போட்டால் கூரைப் பேனலால் ஒன்றும் ஆவதில்லை. அப்போது வெளியிலிருந்து வருகிற கம்பியைத்தான் நம்பியிருக்கிறோம். தோட்டத்துக் கிணறுகளுக்கும் மின்சாரத்தைப் பகலுக்கு மாற்றியபோது, சாமத்தில் டார்ச் அடித்துக்கொண்டு மோட்டார் போடப் போகிற தொல்லை விட்டது என்று பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள். பகலில் கூலிக்குப் போகிறவர்கள், எங்களுக்குத் தண்ணீர் கட்ட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

உன் வேலையில் இனி இதையெல்லாம் லோடு என்று ஒரே சொல்லில் சொல்வீர்கள். லோடை மதியத்துக்கு நகர்த்த வேண்டும் என்று திரையில் ஒரு கோட்டைக் காட்டிப் பேசுவீர்கள். பேசத்தான் வேண்டும், காற்றையும் வெயிலையும் நம் நேரத்துக்கு வரச் சொல்ல முடியாது, நாம்தான் அதன் நேரத்துக்குப் போக வேண்டும். ஆனால் கோட்டை நகர்த்தும்போது ஒருத்தியின் தூக்கமும் ஒருத்தனின் கூலியும் சேர்ந்து நகர்கின்றன. தகரத்துக்கு அடியில் போய் நின்று பார்க்க உனக்கு நேரம் இருக்காது. நின்றவர்களிடம் கேட்கவாவது செய். கீழே ஒரு துணை மின்நிலையத்தைக் கூப்பிட்டுக் குறைக்கச் சொல்ல நேர்ந்தால் ஏன் என்று சொல். எத்தனை நேரம் என்று சொல். தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல். அன்றைக்கு அவர் சொன்ன அந்த முக்கால் மணி நேரம் மட்டும் என் கையில் இல்லாமல் போயிருந்தால் உன் அப்பாவின் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

வண்டிச் சத்தம் கேட்கிறது, நீயாகத்தான் இருக்கும். இதை மடித்து உன் சட்டைகளுக்கு மேலேயே வைத்துவிடுகிறேன். இப்போது பெரிய பெரிய பேட்டரிகள் வருகின்றன, இனி யாருக்கும் நிறுத்த வேண்டியிருக்காது என்று நீ சொன்னாய். அப்படியே நடக்கட்டும். ஆனாலும் என்றாவது ஒரு நாள், நீ சொல்லி எங்கோ ஓர் ஊர் இருட்டாகும். அந்த நாளில் வேலை முடிந்ததும் எனக்குப் போன் போடு. என்ன நடந்தது என்று நீ சொல்ல வேண்டியதில்லை. நானும் கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன், சாமி. சாப்பிட்டுவிட்டு, மறுநாளும் வேலைக்குப் போ.